அந்த 2.4 டன் யாருடையது?

12 எம்.எம். கம்பி ஒன்று எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டால் மூன்று பதில் சொல்லலாம். மூன்றும் சரிதான். ஒன்றுக்கொன்று கிட்டத்தில்கூட வராது, அவ்வளவுதான்.

கூரையிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ்முனையில் எடையைக் கட்டுகிறோம் என்று வையுங்கள். இன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற எஃப்.இ. 500 ரகம் என்றால், சுமார் 5.7 டன் வரைக்கும் அது மீளாத அளவுக்கு நீளாமல் பிடித்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்த கோயில் யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதே கம்பியில் ஒரு மீட்டர் துண்டு வெட்டி, முட்டு மாதிரி நிற்கவைத்து மேலே பாரம் ஏற்றினால், 200 கிலோ சொச்சத்திலேயே வில் மாதிரி வளைந்துகொள்ளும். மூன்று மீட்டர் துண்டு என்றால் 23 கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்குக்கூட வக்கில்லை. கடைசியாக, அந்த ஒரு மீட்டர் துண்டை வாய்க்கால் மேல் குறுக்கே போட்டு நட்டநடுவில் ஏறி நின்றால், 35 கிலோவில் நிரந்தரமாகக் கோணிப்போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எடை.

யானை, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை. மூன்று முறையும் கம்பி அதேதான். மீட்டருக்கு 890 கிராம். (விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். கம்பிக்கடைக்காரர்களுக்கு இது மனப்பாடம்.) மாறியது நாம் அதை வைத்த விதம். முட்டாக நிற்கும் கம்பியைப் பற்றி ஆய்லர் 1744இல் எழுதிய கணக்குப்படி, நீளம் இரண்டு மடங்கானால் தாங்குதிறன் கால்வாசியாகும். இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. பலம் என்பது பொருளுக்குள்ளே, அதன் சொந்தச் சொத்தாக இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். மனுசங்களைப் பற்றிக்கூட நாம் அப்படித்தானே பேசுகிறோம், 'அவன் ரொம்பத் தாங்குவான்' என்று.

ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதில்லை. முதல் பதிலுக்கே திரும்புவோம். அந்த 5.7 டன்னில்தான் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

5.7 டன் பிடிக்கும் என்பதற்காக எந்தப் பொறியாளரும் அதில் 5.7 டன்னைத் தொங்கவிட மாட்டார். நம் நாட்டு கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது என்றால், கம்பியின் பலத்தை 1.15ஆல் வகுத்துக்கொள், வரப்போகும் பாரத்தை 1.5ஆல் பெருக்கிக்கொள், அதற்கப்புறம் கணக்குப் போடு. இரண்டையும் சேர்த்தால் அந்தக் கம்பிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை சுமார் 3.3 டன்தான். தாங்கக்கூடியது 5.7, ஏற்றலாம் என்பது 3.3. நடுவில் 2.4 டன் சும்மா இருக்கிறது.

5.7 என்பது சோதனைச்சாலையில் கம்பியை இழுத்துப் பார்த்தால் கிடைக்கும் எண். இயந்திரம் சொல்லும். 3.3ஐ எந்த இயந்திரமும் சொல்லாது. 1.15உம் 1.5உம் இயற்கையில் எங்கேயும் கிடையாது. நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, கம்பி எவ்வளவு மாறுபடும், கொத்தனார் எவ்வளவு தவறுவார், கல்யாண வீட்டில் ஒரே அறைக்குள் எத்தனை பேர் முண்டியடிப்பார்கள் என்றெல்லாம் பார்த்து முடிவுசெய்தவை. நிகழ்தகவுக் கணக்கெல்லாம் போட்டிருப்பார்கள்தான். ஆனால் அந்தக் கணக்கின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு கூரை எவ்வளவு அபூர்வமாக இடிந்தால், சரி, பரவாயில்லை என்று நாம் இருந்துவிடலாம்? இதற்கு இயற்பியலில் விடை இல்லை. எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வியைத்தான் இரண்டு தசமப் புள்ளிகளுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த 2.4 டன் யாருடையது?

இது எல்லாருக்கும் தெரிந்த 2.4 டன். அதுதான் பிரச்சினையே. கம்பி ஆலைக்குத் தெரியும், கொஞ்சம் மெலிந்தாலும் ஒன்றும் ஆகாது. காண்ட்ராக்டருக்குத் தெரியும், ஏழு கம்பி போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டால் வீடு விழாது. வீட்டுக்காரருக்கும் தெரியும், இன்ஜினியர் எப்பவுமே கூடுதலாத்தான் சொல்லுவார். மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டியை வாகான இடம் பார்த்து இறக்கிவைக்கும் பிளம்பருக்கும் தெரியும். (தண்ணீர் மட்டும் ஒரு டன். தொட்டி உட்காரும் இடம் ஒரு சதுர மீட்டர்கூட வராது. நடமாட்டம் உள்ள மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் கணக்கு.) இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மிச்சம் இருப்பதில் ஒரு பிடி எடுக்கிறார்கள். தனக்கு முன்னால் எத்தனை கை அதற்குள் போய்வந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எல்லாரும் எடுத்து முடித்தபின் உப்பு வருகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்கரையோர வீடுகளைப் பார்த்திருந்தால் தெரியும், தளத்தின் அடிப்பக்கம் சிமெண்ட் பொரிந்து விழுந்து கம்பி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். 12 எம்.எம். கம்பியைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துரு தின்றால் மிஞ்சுவது 10 எம்.எம். கம்பி. விட்டத்தில் பார்க்கக் கொஞ்சம்தான். பரப்பில் 30 சதவீதம் போய்விட்டது. துருவுக்கு அந்த 2.4 டன்னில் உண்மையிலேயே ஒரு பங்கு உண்டு, அதற்காகவும்தான் ஒதுக்கினார்கள். அது தன் பங்கைக் கேட்டு வரும்போது பெட்டி காலியாக இருக்கிறது.

இந்த மிச்சம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில், சுவரில் செருகிய உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டார். உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பலம் கூடும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் அவர் சூத்திரம் தந்த விடை, இன்று நாம் போடும் கணக்கைவிட மூன்று மடங்கு அதிகம். கலீலியோவே மூன்று மடங்கு பிசகலாம் என்றால், நாளைக்கு நாம் எதில் பிசகுவோம் என்று யாருக்குத் தெரியும்? மிச்சம் முதலில் அதற்காகத்தான்: நமக்குத் தெரியாதவற்றுக்கு ஒதுக்கிவைத்த அறை.

அந்த அறைக்குள் திருடன் புகுந்த கதை ஒன்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். அதன் கேபிள்களுக்கு எஃகுக் கம்பி தந்தவர் ஜே. லாயிட் ஹேய் என்ற ஒப்பந்தக்காரர். சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருள்களை வண்டியில் ஏற்றுவார். பாலத்துக்குப் போகும் வழியில் அவற்றை இறக்கிவிட்டு, சோதனையில் கழிக்கப்பட்ட சுருள்களை ஏற்றி அனுப்புவார். நல்ல சுருள் மறுபடி சோதனைக்கு வரும், மறுபடி தேறும். 1878இல் இது பிடிபட்டபோது ஏகப்பட்ட மட்டக் கம்பி ஏற்கெனவே கேபிளுக்குள் போய்விட்டது. பிரித்து எடுக்க முடியாது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். கேபிள்கள் தேவையைப்போல ஆறு மடங்கு பலத்துக்கு வடிவமைக்கப்பட்டிருந்தன. இப்போது ஐந்து மடங்காவது இருக்கும் என்று வந்தது. ஹேயின் செலவிலேயே ஒவ்வொரு கேபிளிலும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அதன் மேல் வண்டிகள் போகின்றன.

இந்தக் கதையைப் படிக்கிற எல்லாரும் ரோப்ளிங்கைத்தான் பாராட்டுவார்கள். நானும்தான். ஆனால் ஹேயை என்ன செய்வது? யாரும் சாகவில்லை. ஒரு கல் உதிரவில்லை. அப்படியானால் அவர் திருடியது என்ன? கம்பியின் விலை வித்தியாசம் என்றால் அது சில்லறைத் திருட்டு. எனக்குத் தோன்றுவது வேறு. தான் அறியாதவற்றுக்காக ஒருவன் பணிவோடு ஒதுக்கிவைத்த இடத்தை, எல்லாம் அறிந்த ஒருவன் தன் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். பூகம்பத்துக்கும் புயலுக்கும், இன்னும் கண்டுபிடிக்கப்படாத பிழைக்கும் என்று வைத்திருந்ததை எடுத்துத் தின்றுவிட்டான். பூகம்பம் வரவில்லை என்பது அவனுடைய நல்லகாலம். அதை அவன் கணக்கில் புண்ணியமாக எழுத முடியாது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். அங்கே இது வேறு வேடத்தில் தினமும் நடக்கும். ஒரு வேலை முடிய எத்தனை நாள் என்று கேட்பார்கள். ஆறு நாள் ஆகும் என்று தெரிந்தவர் எட்டு என்பார். எட்டில் இரண்டு 'பஃபர்' என்று மேலே இருப்பவருக்குத் தெரியும், ஆறாக வெட்டுவார். அடுத்த முறை இவர் பத்து என்பார். இரண்டு வருடத்தில் அந்த அலுவலகத்தில் யார் சொல்லும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. மிச்சம் இருக்கிறது என்று தெரிந்த உடனேயே மிச்சம் கரையத் தொடங்குகிறது. மறைத்து வைத்தால் பொய்யாகிறது, சொல்லிவைத்தால் காணாமல்போகிறது. எங்களுக்கு அதிகபட்சம் ஒரு சர்வர் படுத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே ஆள் தூங்குகிறது.

1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் பெரிய கூடத்தில், நாலாம் தள உயரத்தில் ஒரு நடைபாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் தள உயரத்தில் இன்னொன்றும் இரும்புக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றேகால் இஞ்ச் கம்பி. முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல்பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம் வரைக்கும் போகிறது. இரண்டு பாலமும் தனித்தனியாக அந்தக் கம்பியைப் பிடித்திருக்கின்றன. அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டுவது தொல்லை. அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள். ஒன்று கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு, இன்னொன்று மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு.

பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கிணற்றுக் கயிறு ஒன்றில் மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி முடிச்சுப் போட்டு இறக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வாளியின் கைப்பிடி தன் வாளியை மட்டும் தாங்கினால் போதும். அதற்குப் பதிலாகக் கீழ்வாளியை மேல்வாளியோடு சேர்த்துக் கட்டினால் கைப்பிடி இரண்டு வாளியைத் தாங்க வேண்டும். கயிற்றின் மேல்பகுதிக்கு எப்படியும் ஒரே பாரம்தான். கைப்பிடிக்குத்தான் இரட்டிப்பு.

அன்று மாலை கூடத்தில் நடன விருந்து. பாலங்கள் இரண்டும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அன்று பாலத்தின் மேல் இருந்த கூட்டத்தின் எடை, நகரச் சட்டம் தாங்கியாக வேண்டும் என்று சொன்ன அளவைவிடக் குறைவுதான். பின்னால் ஆராய்ந்த அரசு நிறுவனம், கட்டப்பட்ட வடிவத்தின் பலம் சட்டம் கேட்டதில் ஏறத்தாழ 30 சதவீதம் என்றது. முதல் வரைபடப்படியே கட்டியிருந்தாலும் 60 சதவீதம்தான் வந்திருக்கும். இரண்டு பொறியாளர்களின் உரிமம் பறிபோனது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விவரம் ஒன்று: கம்பிகள் அறவில்லை. கூரையிலிருந்து தொங்கிய கம்பிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. மேல்பாலத்தின் பெட்டி உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு நட்டு வெளியே வந்துவிட்டது. கம்பி எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அங்கே நல்ல விடை இருந்தது. கம்பியும் உத்தரமும் சேரும் இடம் யாருடையது என்பதற்குத்தான் விடை இல்லை. வரைந்தவர் செய்பவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தார். செய்பவர் வரைந்தவர் பார்த்திருப்பார் என்று இருந்தார். மிச்சத்துக்குச் சொந்தக்காரன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் கம்பியைத் தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டால் என்ன? எங்கள் பக்கத்தில் பயந்த வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதுண்டு. 'ரெண்டு கம்பி சேத்தே போடுங்கண்ணே.' காசு விஷயம் ஒருபக்கம். 12க்குப் பதில் 16 எம்.எம். போட்டால் இரும்பின் எடை 78 சதவீதம் கூடும். அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று இருக்கிறது. பீமில் கம்பியை ஓர் அளவுக்கு மேல் திணிக்க விதிநூல் விடாது. காரணம், கம்பி குறைவான பீம் சாகும்போது கம்பி முதலில் இழுபடும். பீம் தொய்யும், அடியில் விரிசல் விடும், வீட்டில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வெளியே ஓட நேரம் கிடைக்கும். கம்பி மிதமிஞ்சிப்போனால் அது அசையாமல் நிற்க, மேல்பக்கத்துக் கான்கிரீட் முதலில் நொறுங்கும். முன்னறிவிப்பு கிடையாது. ஆகவே, பலமாக இரு என்று கேட்பதோடு விதிநூல் நிற்பதில்லை. விழுந்தே தீருவாய் என்றால் சொல்லிவிட்டு விழு என்றும் கேட்கிறது. அறநூல்களில்கூட இவ்வளவு கறாரான வரியை நான் பார்த்ததில்லை.

சொல்லிவிடுவது என்றதும் எனக்கு ஆவுடையார்கோயில்தான் ஞாபகம் வரும். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது போயிருப்பார்கள். அங்கே தாழ்வாரக் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் மர வேலை என்றே தோன்றும். குறுக்குச் சட்டம், ஆணித்தலை எல்லாமே கல்லில். கல் அமுக்கினால் நிற்கும், வளைத்தால் உடையும். அதனால்தான் கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. அந்தக் கல்லை இந்த அளவுக்கு மெல்லிசாக இழைத்து வெளியே நீட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒரு கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, என்ன வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சில மட்டும் நீங்கலாக என்று எழுதிக் கொடுப்பார்களாம். இதை வழக்கமாக அந்தக் கொடுங்கையின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு எழுதிக் கொடுத்த சிற்பிகளின் பெருமைதான் தெரிகிறது. வேலை கேட்டு நிற்கிற இடத்தில், முன்பணம் கைக்கு வருவதற்கு முன்னால், இது எங்களால் ஆகாது என்று எழுத்தில் கொடுக்கிறார்கள்.

இப்போது அப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போகும்போது மொட்டைமாடிகளைக் கவனியுங்கள். பில்லர் இருக்கும் இடத்திலெல்லாம் மூன்றடி உயரத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மாடி எடுப்பதற்காக விட்டுவைத்தவை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அடுத்த தவணைப் பணம் வரும் என்ற நம்பிக்கைதான் அப்படிக் கம்பியாக நிற்கிறது. என் மாமா வீட்டிலும் நின்றது. 2009இல் கட்டிய வீடு. ஒன்பது பில்லர், பில்லருக்கு நாலு கம்பி. போன வருடம் மகன் பணம் அனுப்பியதும் மாமா எனக்குப் போன் பண்ணினார்.

"மேல ரெண்டு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம்னு பாக்குறேன் மாப்ள. தாங்குமா?"

நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை என்றேன். இன்ஜினியர்னா இன்ஜினியர்தானே என்றார். கட்டிய கொத்தனாரையே கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ஜம்முன்னு தாங்கும்" என்று அவர் சொல்லியாகிவிட்டது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாமாவுக்கு வேண்டியது கணக்கு இல்லை, இரண்டாவது 'தாங்கும்'.

இல்லை மாமா, ஆள் வைத்துப் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது என்றேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க வீடு, எங்க தலை. கீழ நாங்கதானே இருக்கப்போறோம்" என்றார்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. தன் உயிரை வைத்து ஒருவர் துணிந்தால் அடுத்தவனுக்கு அதில் என்ன வேலை? மலையேறுகிறவனை நாம் தடுப்பதில்லை. ஆனால் மாமா சொன்ன வாக்கியத்தில் 'நாங்க' என்ற சொல் மெதுவாக விரிந்துகொண்டே போவதைக் கவனித்தேன். அதில் அத்தை இருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மேலே குடிவரப்போகும் முகம் தெரியாத வாடகைக்காரர் இருக்கிறார். அவர் அட்வான்ஸ் கொடுக்கும்போது சுவரில் வெள்ளையடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஐம்பது வருடம் நிற்க வேண்டிய கட்டடத்தில் கடைசியாகத் தூங்கப்போகிறவர் இன்னும் பிறக்கவே இல்லாமல் இருக்கலாம். அந்த 2.4 டன்னுக்கு உரிமை கேட்கக்கூடியவர்கள் யாராவது உண்டு என்றால் இவர்கள்தான். பேரம் நடக்கிற இடத்தில் இவர்கள் ஒருவரும் இல்லை. இதையெல்லாம் மாமாவிடம் இந்த மாதிரி சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளை மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்தார். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று முதலில் கேட்டார். மாமாவுக்கு ஞாபகமில்லை. வேலையாட்களுக்குச் சோறு கொண்டுபோன அத்தைதான், "குழிக்குள்ள நின்னா எனக்கு இடுப்பளவு இருந்துச்சு" என்றார். பிறகு ஒரு பில்லரின் அடியில் சிமெண்டைக் கொத்தி எடுத்துப் பார்த்தார்கள். கம்பி நாலும் 12 எம்.எம்., சரியாகவே இருந்தது. சுற்றிக் கட்டிய ரிங்குகள்தான் அடிக்கு ஒன்றாக இருந்தன. 12 எம்.எம். கம்பிக்கு 19 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நிற்கும் கம்பி எவ்வளவு தாங்கும் என்பது அதை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மூன்று மீட்டருக்கு 23 கிலோ, ஒரு மீட்டருக்கு 200 என்ற கணக்கின் இன்னொரு முகம்.

செங்கல் சுவர் வைத்து, கான்கிரீட் தளம் போட்டு அறை எடுக்க முடியாது. பில்லருக்கு நேர் மேலே பைப் நிறுத்தி ஷீட் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'முடியாதுன்னு சொல்றதுக்கு இம்புட்டுக் காசா' என்று மாமா என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

இப்போது மாடியில் ஷீட் கொட்டகை. அத்தை மிளகாய் காயவைக்கிறார். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கட்டிங் மெஷினால் அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். 36 துண்டு, துண்டுக்கு மூன்றடி. கணக்குப்படி 29 கிலோ வந்திருக்க வேண்டும். 26தான் நின்றதாம். துரு பாதி, அவன் தராசு பாதி என்றார் மாமா.